தோற்கவே தோற்காத கருதுகோள்

அவள் பிடித்தால் உடும்புப் பிடி. நாற்பது வயதில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்ததும் அந்தப் பிடிவாதத்தில்தான். தனியாக வாழும் முதியவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. எதைச் சோதித்துப் பார்க்கப் போகிறாள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமே, அந்தக் கருதுகோளைத்தான் கல்லூரியின் ஆய்வுக் குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவது தடவையும் திரும்பினால் இடமே போய்விடும்.

'அக்கம்பக்கத்தாரோடு பழகும் முதியவர்கள் நலமாக இருப்பார்கள்.' வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் படித்துக் காட்டினாள்.

"ஏன் அண்ணி, கீழ்வீட்டுப் பெரியவர் யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டார். குண்டுக்கல்லு மாதிரி இருக்காரே?"

"ஜன்னல்ல நின்னு எல்லாரையும் பாக்குறார்ல? அதுவும் பழக்கந்தான்."

"சரி, மாடிவீட்டு அம்மா? ஊர்க்கதை பூரா அவங்க வாயில. பாதி நாள் ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க."

"பேசாம இருந்தா இன்னும் மோசமாயிருப்பாங்க."

நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூ விழுந்தாலும் நீங்கதான் ஜெயிப்பீங்க, தலை விழுந்தாலும் நீங்கதான். இதுக்கு எதுக்கு அண்ணி காசைச் சுண்டணும்?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கல்லூரிக்குப் போனாள். ஆய்வு வழிகாட்டி அவளைவிடப் பத்து வயது சின்னவள். வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எப்படிப் பதில் வந்தா இது தப்புன்னு ஒத்துக்குவீங்க, அக்கா?"

இவளுக்குத் தன் அம்மாதான் நினைவுக்கு வந்தாள். தனியாக இருந்தவள், பூட்டிய கதவுக்குள் மாத்திரையை மறந்து மறந்து ஒருநாள் விழுந்தவள், எழவேயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் மனதைத் தேற்றி வந்தாள். அது தப்பென்று ஆனால், வேறு ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்த மகளின் தலையில்தானே பழி வந்து விழும்? எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

வழிகாட்டி தண்ணீரை நகர்த்தி வைத்தாள். "நலமான்னு கேட்டா எல்லாரும் நல்லாயிருக்கேன்னுதான் சொல்வாங்க. மாத்திரைன்னு சொன்னீங்களே, அதைக் கேளுங்க."

மூன்றாவது தடவை இப்படி எழுதினாள்: 'தனியாக வாழும் முதியவர்களில், வாரம் ஒருமுறையாவது பக்கத்து வீட்டாரோடு பேசுகிறவர்கள், பேசாதவர்களைவிடக் குறைவாகவே மாத்திரையைத் தவறவிடுகிறார்கள்.'

"வித்தியாசமே இல்லேன்னு வந்தா?" என்றார் குழுத் தலைவர்.

"நான் நினைச்சது தப்புன்னு எழுதுவேன், சார்." அவர் கையெழுத்துப் போட்டார்.

கேள்விகளை ஒத்திகை பார்க்கக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"போன வாரம் பக்கத்துல யார்கிட்டயாவது பேசினீங்களா, ஐயா?"

"எவன்கிட்டயும் இல்ல."

"மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒரு வேளைகூட விடல. ஏன், விடணுமா?"

பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.