அலுமாரிக்குள் புகைந்த சீனா

மூன்று புத்தகம் படித்தால் சீனாவை முடித்துவிடலாம் என்றுதான் நம்பினேன். கையில் இருந்தது பதினொரு நாள். மகள் தன்னோடு வேலை பார்க்கும் சீனப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவனுடைய அப்பா கட்டுகஸ்தோட்டைக்கு, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம்.

நூலகத்திலிருந்து மூன்றைச் சுமந்து வந்தேன். முதலாவது பேரரசர்களின் வரலாறு. பக்கத்துக்குப் பக்கம் தலை உருண்டது. சம்பந்தி வீட்டை நினைத்துக்கொண்டு படிக்கிற சங்கதியில்லை. இரண்டாவது, ஒரு பெண் தன் தெருவையும் அடுப்படியையும் பற்றி எழுதியது. இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். அப்போது, மெதுவாகப் போகிறதென்று பாதியில் மூடிவிட்டேன். மூன்றாவதுதான் எனக்கு வேதம்: செய்யக்கூடாதவை மட்டும் அடங்கிய சின்னக் கையேடு. சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டு வைக்காதே, அது செத்தவருக்குப் பத்தி நட்டுப் படைப்பது போல, என்றது. பஸ்ஸில் முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

அந்த நாளும் வந்தது. வேன் சத்தம் கேட்டு முன்னறைக்கு ஓடினேன். மனைவி சந்தனம், குங்குமம் எடுத்து வைத்திருந்தாள். நடுவில் செம்பு நிறையப் பச்சரிசி. அதில் நட்ட மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன.

"ஐயோ, யாருக்குடி இது? வர்ற மனுசனுக்குக் கருமாதியா பண்றே?"

"என்னங்க உளர்றீங்க? எல்லா விசேஷத்துக்கும் வைக்கிறதுதானே!"

விளக்க நேரமில்லை. செம்பைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துச் சாத்தினேன்.

மகனோடு உள்ளே வந்த அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். கதவிடுக்கில் புகை வந்தது. சிரித்தேன். இன்னும் வந்தது, இன்னும் சிரித்தேன்.

"அப்பா, தள்ளுங்க! சாரியெல்லாம் எரியப் போகுது!"

மகள் என்னை இடித்துத் தள்ளிக் கதவைத் திறந்தாள். மனிதர் எழுந்து வந்து செம்பையே பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து மகனிடம் ஏதோ கேட்டார். அவன் என் மகளிடம் சொன்னான்.

"மாலை போட்ட படத்துல இருக்கிறது யாருன்னு கேக்குறாருப்பா."

"எங்கப்பான்னு சொல்லு," என்றேன்.

அவர் பத்திகளை இரு கையாலும் எடுத்துப் பிடித்து, படத்தின் முன் மூன்று முறை குனிந்தார்.

"அவங்க வீட்லயும் செத்த பெரியவங்க படத்துக்கு அரிசியிலதான் பத்தி நடுவாங்களாம்," என்றாள் மகள். "எதுக்கு அலுமாரியில பூட்டி வச்சீங்கன்னு கேக்குறாரு."

நான் செம்பைத் தூக்கிப் படத்துக்குக் கீழே வைத்தேன். அவர் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். வேனில் ஏறுமுன் கல்யாணத்துக்குச் சரி என்றார்.