விபத்து இருந்தால் எழுதவும்

"புஸ்ஸ்ஸ்..." இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வாசலில் பாம்பு சீறியது போல ஒரு சத்தம். லொறிக் கந்தோரில் சாரதிமாரின் விண்ணப்பம் பார்ப்பவள் வீட்டில் இருந்தாலும் வேலையில்தான் இருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆள் எடுக்கும் மேசைகளில் குந்தியிருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புதினமாக இராது.

மாடு

பத்து மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, யன்னலால் பார்த்தேன். பாம்பில்லை, லொறியின் காற்று பிரேக். காலையில் வேலைக்கு ஃபோம் தந்துவிட்டுப் போன மனிதர் படலையில் நின்றார். எங்கள் ஃபோமில் எட்டாம் கேள்வி, "முன்னர் விபத்து, தண்டம், வழக்கு இருந்தால் எழுதவும்" என்பது. அதில் அவர் இரண்டு விபத்து என்று எழுதியிருந்தார்.

"தங்கச்சி, பயப்பிடாதையுங்கோ. அந்த ரெண்டை ஒண்டாக்கி விடுங்கோ. மற்றது மாட்டின்ரை பிழை."

கிருபை

இன்னொருவர் அதே கேள்விக்கு "கடவுள் கிருபையால் மூன்று" என்று எழுதியிருந்தார். "ஐயா, மூண்டு தரம் இடிச்சதுக்குக் கடவுளை ஏன் இழுக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிள்ளை, நாலாவதிலை இருந்து காப்பாற்றினது ஆர் எண்டு நினைக்கிறாய்?"

நற்சான்றிதழ்

ஒரு பெடியன் பழைய முதலாளி தந்தது என்று இங்கிலீசில் ஒரு கடிதம் கொண்டுவந்தான். ஒரு விபத்தும் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, மென்மையாகப் பேசுபவர், ஆறு மணிக்கே வீடு திரும்புபவர் என்று இருந்தது. எந்த லொறி முதலாளி ஆறு மணிக்கு வீடு போவதைப் புகழுவான்? எழுத்தோ, சிஸ்டர்மார் விரலில் அடிமட்டத்தால் தட்டித் தட்டிப் பழக்கிய எங்கள் கொன்வென்ற் எழுத்து. அதே சரிவு, அதே வால்.

"தம்பி, உம்மடை மனிசி எந்தப் பள்ளிக்கூடம்?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"உங்கடை வகுப்புத்தானாம், மிஸ். சுகம் கேட்டு விடச் சொன்னவ."

மதில்

சிரித்தேன்தான். ஆனால் அன்றிரவு நானும் அப்படி ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். என் மனிசன், இவரும் லொறிச் சாரதி. பின்னுக்கு எடுக்கும்போது நீதவான் இருக்கும் கோட்டு மதிலையே இடித்தவர். சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை. அது முடிந்த பிறகும் ஒருவரும் ஸ்டியறிங் கொடுக்கவில்லை. கிளீனராகத்தான் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிழமையில் ஐந்து இரவு வீட்டில் நானும் பிள்ளையும் தனிய, ஓலை விழுந்தாலும் நான் எழும்பி இருப்பேன்.

அப்போதுதான் எங்கள் கந்தோரில் மரக்கறி லொறிக்கு ஆள் தேவைப்பட்டது. சண்டிலிப்பாயில் ஏற்றி, சாவகச்சேரிச் சந்தையில் இறக்கி, பொழுதுபட வீடு. எனக்கு அந்த வேலை வேணும், இவருக்கு அல்ல, எனக்கு.

வெள்ளிக்கிழமை இவர் வந்ததும் ஃபோமை நீட்டினேன். "எட்டை வெறுமையா விடுங்கோ."

"விசரே உமக்கு? மதில் விழுந்த சத்தத்துக்கு நீதவானே எழும்பி வந்தவர்."

அவரே எழுதினார்: "மதில் ஒன்று. பிழை என்னுடையது. ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை." என் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த நாள் ஃபோமை அடுக்கின் அடியில் வைத்தேன். முதலாளி அடியிலிருந்துதான் பார்க்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பவும் வாசித்தார். 

"மதில் குறுக்கை ஓடி வந்தது எண்டு உவன் எழுதேல்லை, அது காணும். திங்கக்கிழமை வரச்சொல்லு பிள்ளை, பின்னுக்கு எடுக்கேக்கை மட்டும் ஆரையாவது இறக்கிப் பாக்க விடச் சொல்லு."

ஆக, மூன்று வருடமாக ஊராரின் இடிபாடுகளைக் கோப்பில் போட்டுவந்த எனக்கு, சொந்த வீட்டு இடிபாடு இன்று ஏழு மணிக்கே இரண்டு பூசணிக்காயோடு வந்து, உள்ளே நின்று, தன் கையாலேயே கதவைச் சாத்தித் திறாங்கு போட்டது.