பாஸ்போர்ட் நகல் போன வீடுகள்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம்கூட சீலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்வேன். அப்படிப்பட்ட நானே என் மகளின் பாஸ்போர்ட் நகலை ஊரெல்லாம் கொடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

எங்களுடையது சொல்தா குடும்பம். என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வழியில் மகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரியில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு வரன் தேடினால், மாப்பிள்ளை வீட்டார் போட்டோவுக்கு முன்னால் பாஸ்போர்ட் நகலைத்தான் கேட்பார்கள். அவளைக் கட்டினால் பையனும் பிரான்சு போகலாம் அல்லவா? நானும் பெருமை தாங்காமல், கேட்ட வீட்டுக்கெல்லாம் தரகர் கையில் கொடுத்தனுப்பினேன். வரன் அமையவில்லை. நகல்களைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நர்சிங் படித்த மகள் பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். சம்பளக் கணக்குத் தொடங்கப் போன இடத்திலிருந்து போன் செய்தாள்.

“அம்மா, என் பாஸ்போர்ட் நகலை வெச்சு, என் பேர்ல யாரோ இங்க ஏற்கெனவே கணக்கு தொடங்கியிருக்காங்களாம். கடன் வேற வாங்கியிருக்காங்க. இது தீர்ற வரைக்கும் புதுக் கணக்கு தரமாட்டாங்களாம். வேலையே போயிடும்போல இருக்கு.”

அவள் அங்கே போலீசில் புகார் கொடுத்தாள். அந்தக் கடன் தன்னுடையது அல்ல என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தாள். பாஸ்போர்ட்டை மாற்ற விண்ணப்பித்தாள். கடைசியாக, “இனிமே யார் கேட்டாலும் எதுவும் அனுப்பாதம்மா” என்றாள்.

நான் இங்கே ஆளைத் தேடினேன். தரகர் புது வண்டி வாங்கியிருந்தார். அவர்தான் என்று நினைத்தேன். நகல் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்; இவர் ஏன் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு வீடு வீடாகப் போய் நகலைத் திருப்பிக் கேட்டேன். பாதிப் பேர் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். அதையும் நான் நம்பவில்லை.

கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டம்மா காபி கொடுத்து உட்காரவைத்தார். டிவிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“உங்க பொண்ணோடது இதுலதான் இருக்கும். நீங்களே பாத்து எடுத்துக்குங்க. அடுப்புல பால் வெச்சிருக்கேன்.”

உள்ளே போய்விட்டார். பை நிறைய பெண்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், கையெழுத்து, சிரிக்காத முகங்கள். எதை வேண்டுமானாலும் உருவிக்கொண்டு நான் கிளம்பியிருக்கலாம். என் மகளுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இனி யாரைப் பிடிப்பது? ஊரில் எத்தனை வீட்டில் இப்படிப் பை இருக்குமோ.

அடுத்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“அம்மா, நான்தான். நம்பர் மாத்திட்டேன். பேங்க்ல பிறப்புச் சான்றிதழ் கேக்கறாங்க. இன்னைக்குக் குடுத்தா கணக்கு தர்றேன்றாங்க. போட்டோ எடுத்து அனுப்பும்மா, சீக்கிரம்.”

குரல் அவளுடையதுதான். ஆனால் ஏமாற்றுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தானே அவசரப்படுத்துவார்கள்?

“உன் முதல் நன்மைப் பூசை அன்னைக்கு மாதா கோயில்ல என்னா ஆச்சு, சொல்லு” என்றேன்.

“மெழுகுவத்தியால முன்னாடி நின்ன பொண்ணோட முக்காட்டக் கொளுத்திட்டேன். என்னையே நம்பமாட்டியா?” அழ ஆரம்பித்துவிட்டாள்.

சரியான பதில். ஆனால் அந்தக் கதையை, மகளின் குறும்பென்று, பெண் பார்க்க வந்த அத்தனை பேரிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவள் நானேதான்.

“வீடியோல வா. மூஞ்சியக் காட்டு.”

வந்தாள். வேலை உடுப்பு, சிவந்த கண்கள். என் பிள்ளைதான். அப்போதும் உடனே சான்றிதழை எடுக்க எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் அந்த அறையில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.