ஜாடியில் மிஞ்சிய ஜூஸ்

ஜாடியின் அடியில் தங்கும் ஜூஸை ஜூஸ்கடைக்காரர் என்றைக்கும் கொட்டியதில்லை. கிளாஸில் ஊற்றியது போக மிஞ்சுவதை, ஜாடியோடு தூக்கி அண்ணாந்து குடித்துவிடுவார். கல்லாவில் உட்காரும் அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறாள். பெரிய நாரத்தை போலிருக்கும் பம்பளிமாஸ் பழத்தின் ஜூஸ்தான் அதிகம் மிஞ்சும். கசப்பு தட்டும் என்பதால் எல்லோரும் சின்ன கிளாஸோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிய ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பழக்கம் மாறவில்லை. கொஞ்ச நாளில் தொடை இரண்டும் கடுக்கத் தொடங்கின. பழக்கூடையைத் தூக்கினால் கை நடுங்கியது. தெம்பு வரட்டும் என்று மிச்சத்தை இன்னும் தாராளமாகவே குடித்தார்.

“வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கோங்க மாமா,” என்று மனைவியின் தம்பி சீண்டினான்.

“கூடையோட உன்னையும் சேத்துத் தூக்குவேன்டா. எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை. இனிமே அதைத் தொடமாட்டேன்.”

மனைவி அதற்கு ஒப்பவில்லை. மாத்திரையை விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளுமே. “டாக்டரை ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் விடுங்க,” என்று நச்சரித்து இழுத்துப் போனாள்.

“மாத்திரை சாப்பிடுற நாள்ல வேற என்ன சாப்பிடுறீங்க? பழம், ஜூஸ்?” என்று டாக்டர் கேட்டார்.

“விக்கிறதோட சரிங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. ஜாடியில் மிஞ்சுவதைக் குடிப்பதை, ஜூஸ் குடித்த கணக்கில் அவர் சேர்த்ததே இல்லை.

டாக்டர் முன் அவளுக்குப் பேச்சே வராது. பையின் வாரைத் திருகியபடி சொன்னாள். “பம்பளிமாஸ் மிஞ்சுறதெல்லாம் இவர்தான் குடிக்கிறாரு.”

“அது மிச்சம்டி.”

“மிச்சம்னா வயித்துக்குள்ள போகாதா?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் மாதிரி பழமெல்லாம் சில கொழுப்பு மாத்திரையை உடம்புலேருந்து சீக்கிரம் வெளியேற விடாது. ரத்தத்துல மருந்து ஏறிக்கிட்டே போகும். அப்போ தசைதான் அடி வாங்கும். எல்லா மாத்திரைக்கும் இது கிடையாது. ஆனா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.”

ரத்தம் எடுத்துப் பார்த்தார். தசை தேறும்வரை மாத்திரையை நிறுத்திவைத்து, பிறகு அந்தப் பழத்தோடு முட்டிக்கொள்ளாத வேறொன்றை எழுதினார்.

இப்போது கொழுப்பு குறைந்திருக்கிறது. கால் கடுப்பு போய்விட்டது. புது மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறார், அவள் எடுத்துக் கொடுத்தால்.