சூப்பர்வைசர் பதில் சொல்லவில்லை

சூப்பர்வைசர் இன்று காலை இறந்துவிட்டான்.

மனிதர் யாரோ என்று பதற வேண்டாம். எங்கள் வீட்டுக் காக்டீல்... சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த சின்னக் கிளி. ஒரு கிளிக்கு அஞ்சலி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறேன்.

நான் வைத்த பெயர் மணி. நைட் ஷிஃப்ட் முடிந்து எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் கேட்டைத் திறந்தால் கத்தித் தீர்த்துவிடுவான். அவர்களில் ஒருவரான, ஒரகடத்தில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர் முருகேசன்தான் பெயரை மாற்றினார்.

"லைன்லதான் சூப்பர்வைசர் ஏசுதாருன்னு ரூமுக்கு வந்தா, இங்க இன்னொருத்தர் இருக்காரு சார்!"

அதுவே நிலைத்துவிட்டது. கூண்டில் கொஞ்சம் தினை போடாமல் அவர் மாடி ஏறியதில்லை.

போன வருடம் அவன் மாறினான்.

முதலில் கத்துவது நின்றது. பிறகு பகலெல்லாம் தூக்கம். உயரக் கம்பியை விட்டுவிட்டுக் கீழ்க் கம்பியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்கு ஏசவே இல்லையே சார்... மேலுக்கு முடியலையோ?" என்று முருகேசன் கேட்டார்.

அப்புறம் கடிக்க ஆரம்பித்தான். தினமும் தண்ணீர் மாற்றுகிற என் கையைத்தான். நான் என்ன தவறு செய்தேன் என்று யோசித்தேன். யார் முகம் சுளித்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

நெட்டில் தேடிப் படித்தேன். வயதான பறவைக்கு அமைதி வேண்டும் என்று போட்டிருந்தது. முறையாகச் செய்தேன். டிவியை உள் அறைக்கு மாற்றினேன். கூண்டுக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பையும் விட்டுவிட்டேன். சத்தமே இல்லாமல் போய், கையை மெதுவாக, மிக மெதுவாக உள்ளே நீட்டினேன்.

ரத்தம் வரக் கடித்தான். கம்பியிலிருந்து விழுந்து, இறக்கையை அடித்துக்கொண்டு தரையில் கிடந்தான்.

என் மனைவி வள்ளி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "இன்னாங்க இது, சொந்த வூட்டுல திருடன் மாதிரி நடந்துகினு? பக்கத்துல வந்து நிக்கிறது எனக்கே தெரியல. நானா இருந்தாலும் கடிச்சுத்தான் வெப்பேன்."

சென்னைக்கு, பறவைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் அவன் கண்ணருகே விரலை அசைத்தார். அவன் அசையவில்லை. லேசாக நாக்கைச் சொடுக்கினார். உடனே தலையைத் திருப்பினான்.

"கோபம்லாம் இல்ல சார். ரெண்டு கண்ணுலயும் புரை. வயசாயிடுச்சு. நீங்க சத்தமில்லாம வந்தா, அதுக்கு இருட்டுல இருந்து ஒரு கை வர்ற மாதிரி. முதல்ல குரல் குடுங்க, அப்புறம் கை நீட்டுங்க."

ஆபரேஷன் பற்றிக் கேட்டேன். இந்த வயதில் மயக்க மருந்து தாங்காது என்றார்.

குரல் கொடுப்பது எனக்கு வராத காரியம். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது... வேலையில் இருந்த காலமெல்லாம் அதைத்தானே செய்தேன்?

இருங்காட்டுக்கோட்டை பிரஸ் ஷாப்பில் என்னோடு இருந்த நண்பர்களுக்கு நினைவிருக்கும். தகடு அழுத்தும் மெஷினுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் மெஷின். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பட்டனைத் தொடும் முன் இங்கிருப்பவர் "கை!" என்று கத்த வேண்டும். அங்கிருப்பவர் கையை வெளியே எடுத்துவிட்டு விசில் கொடுக்க வேண்டும்.

விசில் வராமல் எதையும் தொடக் கூடாது. நான் தொட்டதில்லை.

கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று "கை" என்றேன். அந்தப் பக்கத்து விசிலையும் நானே அடித்துக்காட்டினேன்.

வள்ளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரிட்டயர் ஆயும் டூட்டி பாத்துகினு கீறாரு! ஓ.டி. உண்டா?"

சில வாரங்களில் விசிலை அவன் எடுத்துக்கொண்டான். நான் "கை" என்பேன். குட்டியாக ஒரு விசில் வரும். பிறகு கையை நீட்டுவேன். காலால் துழாவி விரலில் ஏறி, சொறிந்துவிடச் சொல்லிக் கொண்டையைத் தாழ்த்துவான்.

அதன் பிறகு ஒரு கடிகூட இல்லை. என்னைக் கண்டு அவன் பயப்படவில்லை. அது போதும் என்றிருந்தேன்.

இன்று காலை கூண்டின் தரையில் இறக்கையை விரித்துப் படுத்திருந்தான். அலகு திறந்து திறந்து மூடியது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது.

"கை" என்றேன்.

விசில் வரவில்லை.

மறுபடி சொன்னேன். காத்திருந்தேன். இந்த நிலையில் போய்ப் பயமுறுத்திவிடக் கூடாதே என்று... கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, கையை வெளியிலேயே வைத்திருந்தேன்.

"இன்னாத்துக்கு நிக்கிறீங்க? தூக்குங்க! கையில எடுங்க!" என்று வள்ளி கத்தினாள்.

"பதில் வரலையே" என்றேன்.

அவள் என்னைத் தள்ளிவிட்டு அவனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சூடு இருந்தது. மூச்சு இல்லை.

பக்கத்தில் நின்றது நான் என்று அவனுக்குத் தெரிந்ததா... டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "உங்க குரல் கேட்டிருக்கும் சார்" என்றார். நல்லவர். அப்படித்தான் சொல்வார்.

முருகேசன் ஷிஃப்ட் முடிந்து வந்து, உடை மாற்றாமலே மாதுளைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். பழைய துண்டில் சுற்றி நான் இறக்கினேன்.

குழியிலிருந்து கையை எடுக்கும்போது, பழக்கத்தில்... "கை" என்று சொல்லிவிட்டேன்.

மண்ணை அள்ளிய முருகேசன் மண்வெட்டியை அப்படியே நிறுத்தினார். விசிலுக்குக் காத்திருப்பதுபோல் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

கடைசியில் வள்ளிதான் சொன்னாள். "மண்ணத் தள்ளுப்பா..."

போய் வா, சூப்பர்வைசர்.