ஆய்வேட்டில் இல்லாத அத்தியாயம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் கொடுக்க, அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். ஆனால் அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போன ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுத, மூத்த மகளான எனக்குக் கை வரவில்லை.

அப்பா பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தார். சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஐம்பதுகளின் பிற்பாதியில் அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் அழைத்துக்கொண்டு அந்தமானுக்குக் கப்பலேறினார். மெயின்லேண்டில் வேலை கிடைக்காமல் வந்தவர் அல்லர். வேறு டாக்டர்கள் வர மறுத்த இடம் என்பதால் வந்தவர்.

போர்ட் பிளேருக்கு அருகே சிப்பிகாட் என்ற ஊரில் சில காலம் இருந்தபின், அங்கிருந்து படகில் அரை நாள் தொலைவிலிருந்த ஒரு குடியேற்றத் தீவுக்கு அவரை மாற்றினார்கள். தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். அங்கே கம்பவுண்டராக இருந்தவர் அந்தோணி மாமா, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அப்பாவை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அவர் வீட்டில் சாப்பிடுவோம். தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். என் தங்கை பிறந்தபோது அம்மாவுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டது அவர் மனைவிதான்.

ஒரு நாள் காலை, குடியேறிய வங்காளி ஒருவர் நிறைமாத மனைவியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை குறுக்கே கிடந்தது. அறுவை சிகிச்சைக்குப் போர்ட் பிளேர்தான் போக வேண்டும். அரசு மோட்டார் படகு ஜெட்டியில் தயாராக நின்றது. ஆனால் அன்று அதை மெயின்லேண்ட் விருந்தினர்களுக்குத் தீவுகளைச் சுற்றிக்காட்ட ஒதுக்கியிருந்தார் அங்கிருந்த அதிகாரி. அப்பா இரண்டு முறை சீட்டு எழுதி அனுப்பினார். விருந்தினர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பதில் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ஜெட்டியிலேயே, கட்டிலிலேயே, அந்தப் பெண்ணின் உயிர் போனது. குழந்தையும் பிழைக்கவில்லை. அப்பா ஒரு பக்கம் பிடிக்க, கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்து ஜெட்டிவரை ஓடி வந்தவர் அந்தோணி மாமா. நடந்ததை நேரத்தோடு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதியவரும் அவரே.

இதற்கு யார் பொறுப்பு என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? அப்பா கேட்ட யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயதில் நீண்ட விடுப்பு எடுத்துச் சென்னைக்குச் சட்டம் படிக்கப் போனார். பகலில் கல்லூரி, மாலையில் ராயபுரத்தில் ஒரு கிளினிக்கில் நோயாளிகள். பட்டம் பெற்றதோடு நிற்காமல் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் மேற்படிப்பும் படித்தார். தீவுகளில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கும் கடமை யாருடையது என்பதே அவருடைய ஆய்வு. அந்த மரணம் அதில் ஓர் அத்தியாயம். கூடவே அரசுக்கும் ஒரு மனு போட்டார். விசாரணை வைத்தார்கள்.

அப்பா கப்பலில் வந்து சேர்ந்தார். இறந்த பெண்ணின் கணவர் தமக்குத் தெரிந்த இந்தியில் உள்ளதை உள்ளபடி சொன்னார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்கள். படகு புறப்பட்டுப் போன பிறகே நோயாளி வந்ததாக அதில் இருந்தது. அந்தோணி மாமாவின் கையெழுத்து.

அப்பா அவரைப் பார்த்து, "அந்தோணி, கட்டிலை நாம ரெண்டு பேரும்தானப்பா பிடிச்சிட்டு ஓடினோம்?" என்று கேட்டாராம்.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க, டாக்டர் சார்."

அவர் அப்பாவை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனு தள்ளுபடியானது. பொய்ப் புகார் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் வந்தது. சில மாதங்களில் மாமாவுக்குப் போர்ட் பிளேரில் வேலை நிரந்தரமானது. அதன்பின் இரு குடும்பமும் பேசிக்கொள்ளவில்லை. நாங்களும் போர்ட் பிளேருக்குக் குடிவந்த பிறகு, கடைத்தெருவில் அந்த அத்தையைப் பார்த்தால் அம்மா தலையைத் திருப்பிக்கொள்வார். நானும் அப்படியே பழகினேன்.

அப்பா மேற்படிப்பை முடித்துத் திரும்பி, கடைசிவரை இந்தத் தீவுகளில்தான் வைத்தியம் பார்த்தார். சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வந்து பார்க்கலாமா என்று அந்தோணி மாமா ஆள் அனுப்பினார். துரோகிக்கு இங்கே என்ன வேலை என்று நான் சத்தம் போட்டேன். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அவனை ஏசாதம்மா. ஆதாரம் இல்லாத அத்தியாயத்தை எடுத்துடுங்கன்னு புரொஃபசர் சொன்னார். வேலையும் போயிருமோ, உங்களை எப்படிக் காப்பாத்துறதுன்னு பயந்துட்டேன். அவன் ஒரு பக்கத்தை மாத்தி எழுதினான். நான் மொத்தத்தையும் உருவி எடுத்துட்டுப் பட்டம் வாங்கினேன்."

வஞ்சிக்கப்பட்டவர் என்று எண்ணித்தான் அவரை இத்தனை வருடமும் பார்த்து வந்தேன். அன்று அப்பாவும் என்னை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றியது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இதை எழுதுவதற்கு அப்பா கோபிக்க மாட்டார். "எங்கயாவது எழுதிப் போடு, செத்துப்போன அந்தப் பொண்ணு பேரோட," என்று கேட்டவரே அவர்தான்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்கள், நர்சுகள், மெயின்லேண்டிலிருந்து வந்து உடனிருந்த உறவினர்கள், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பார்க்க வரக் கேட்ட மாமாவை அன்று ஆஸ்பத்திரிக்குள் நான் விடவில்லை. அது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் சரஜுபாலா. காலையில் அவரைக் கொண்டு வந்தபோதும், பிற்பகல் மூன்று மணிக்கும், படகு ஜெட்டியில்தான் நின்றிருந்தது.