இடது கையில் உடைக்காத வளையல்கள்

என் கையை நர்ஸ் வந்து பார்க்க வேண்டிய நாளும் கணவரின் கருமாதியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கார் நிக்கோபார் தீவில் அரசு வேலை பார்த்தவர் அவர். இருமலுக்கு உப்புக்காற்றின் மேல் பழி போட்டுக்கொண்டே இருந்தார். காசநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. உறவுக்காரர்களிடம் ஹார்ட் அட்டாக் என்று சொல்லி வைத்திருந்தோம்.

மூன்று நாள் முன்பு எங்கள் சிப்பிகாட் வீட்டுக்கு வந்த நர்ஸ், எனக்கும் பள்ளியில் படிக்கும் மகளுக்கும் இடது முன்கையில் சின்ன ஊசி போட்டாள்.

"உள்ள கிருமி தூங்கிட்டிருந்தா இந்த இடம் கெட்டியா வீங்கும் அக்கா. நான் வந்து தொட்டுப் பாக்கிற வரைக்கும் இத சேடாதீங்க, சொறியாதீங்க."

தலையாட்டினேன். அந்த நாட்களில் எதற்கும் தலையாட்டினேன். மகளுக்கு இனி நான் ஒருத்திதான் என்பதுகூட, அடுத்த வீட்டுச் செய்தி மாதிரிதான் காதில் விழுந்தது.

எங்கள் வழக்கத்தில் கருமாதியன்று பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மெயின்லேண்டிலிருந்து நாத்தனார் கண்ணாடி வளையல்களை உடையாமல் கொண்டுவந்திருந்தார். உடைப்பதற்குத்தான் அவ்வளவு பத்திரம். இடது கையில் வீங்கிய இடத்தின் மேலும் ஏற்றினார். வலித்தது. சொல்லத் தோன்றவில்லை.

வாசலில் நர்ஸ் நின்றாள். "ஆஜ் ஹி, இன்னைக்கே பாக்கணும் அக்கா. நாளைக்கு பாத்தா கணக்கில்ல."

"சடங்கு முடியட்டும்மா," என்றார் நாத்தனார், என் இரண்டு கைகளையும் பிடித்து மோதவிடத் தூக்கியபடி.

"இடது கையில உடைக்காதீங்க அண்ணி. கழட்டிடுங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"கழட்டுனா அது சடங்கா?"

நான் கையை இழுத்துக்கொண்டேன். வலது கை வளையல்களை மட்டும் உடைத்தார்கள். இடது கையில் இருந்தவற்றை நானே உருவினேன்.

நர்ஸ் முதலில் மகளின் கையைத் தடவினாள். ஒன்றுமில்லை. பிறகு என் கை. வீக்கத்தின் ஓரங்களில் பேனாவால் கோடு போட்டு, சின்ன ஸ்கேலால் அளந்தாள்.

"இருக்கு அக்கா. தூங்குது. இப்ப யாருக்கும் ஒட்டாது. எழுந்தாதான் கஷ்டம். எக்ஸ்ரே பாத்துட்டு மாத்திரை தர்றோம்."

நாத்தனார் என் பக்கத்தில் இருந்த தன் தண்ணீர் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

தாலி, பூ, பொட்டு, வளையல் எல்லாம் போயாயிற்று. அவரிடமிருந்து வந்து என் உடம்பில் மிச்சமிருந்தது நர்ஸின் விரலுக்கடியில் இருந்த அந்தக் கெட்டி மட்டும்தான். அதையும் நானே மாத்திரை விழுங்கிக் கொல்ல வேண்டும்.

"எப்ப வரணும்?"

"நாளைக்கே வாங்க."

"நாளைக்கு எப்படி வெளிய போவே?" என்றார் நாத்தனார்.

"போவேன் அண்ணி," என்றேன். கணவர் இறந்ததிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.